கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கு வெளிநாட்டு எரிவாயுத் தொழில்நுட்பம்: முதல் அளவெடுப்பு முதல் இரண்டாம் பருவம் வரை முழுமையான வழிகாட்டி

காவேரிப்பட்டணம், பர்கூர், கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் மாங்கூழ் ஆலை நடத்துகிறவர்களுக்காகவும், அவர்களுக்குத் திட்ட வேலை பார்க்கும் இளம் பொறியாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மாங்கழிவிலிருந்து மீத்தேன் எடுத்து பாய்லரில் எரிக்கும் தொழில்நுட்பத்தை ஐரோப்பாவிலிருந்து இங்கே கொண்டுவந்த வேலை ஒன்றில் முதல் நாள் முதல் கூடவே இருந்தேன். பிறகு வேறு சிலர் அதே பாதையில் இறங்கி எங்கெங்கே இடறினார்கள் என்பதையும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பெரும்பாலானவர்கள் நல்ல இயந்திரத்தையே வாங்கினார்கள். ஆனால் மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்தார்கள், முதலில் செய்ய வேண்டியதைச் செய்யவே இல்லை. அதனால் இங்கே வரிசைக்குத்தான் அதிக இடம் தருகிறேன். தருமபுரிப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலையோ பாலக்கோட்டில் தக்காளி பதப்படுத்தும் கூடமோ வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் போகலாம். எண்கள் மட்டும் மாறும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த மூன்று பருவங்களின் எடைமேடைச் சீட்டுகள். விறகு, பிரிக்கெட் (அழுத்திச் செய்த எரிகட்டி), டீசல் வாங்கிய பில்கள். மின்கட்டணப் பட்டியல். மாசு கட்டுப்பாட்டு வாரியம் தந்த இயக்க இசைவின் நகல். ஆலை மனையின் அளவோடு கூடிய வரைபடம். கிணறு, போர் தண்ணீரின் ஆய்வறிக்கை.

இவற்றைத் தேட ஒரு வாரம் போதும். இவை இல்லாமல் வெளிநாட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டால் அங்கிருந்து வண்ணப் பட்டியல் ஒன்று வரும், அதோடு பேச்சு நின்றுவிடும். எண்ணோடு கேட்பவருக்குத்தான் பொறியாளர் பதில் எழுதுவார். எண் இல்லாத கடிதம் விற்பனைப் பிரிவைத் தாண்டாது.

ஆலையில் இதற்கென்று ஒரு ஆளையும் ஒதுக்குங்கள். முதலாளியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்றால், பழம் வரத் தொடங்கிய நாளில் இந்த வேலை நின்றுபோகும்.

2. நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

நம் ஆலைகள் மே நடுவில் தொடங்கி ஜூலை முடிய ஓடுகின்றன, சில வருடம் ஆகஸ்ட்டையும் தொடும். அந்த எழுபத்தைந்து, எண்பது நாளைத் தவறவிட்டால் அடுத்த சோதனைக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

ஆகவே கடைசியிலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். மே மாதம் கலன் (கழிவை நுண்ணுயிர் செரித்து வாயுவாக்கும் மூடிய தொட்டி) முழு வேலைக்குத் தயாராக இருக்க வேண்டுமென்றால், மார்ச் தொடக்கத்தில் அதில் சாணக் கரைசலை ஊற்றி நுண்ணுயிரை வளர்க்க வேண்டும். அதற்குப் பிப்ரவரிக்குள் நிறுவல் முடிய வேண்டும், ஜனவரிக்குள் சரக்கு சென்னைத் துறைமுகம் வந்திருக்க வேண்டும். தயாரிப்புக்கும் கடல் பயணத்துக்கும் ஆறு ஏழு மாதம் வைத்தால், ஒப்பந்தக் கையெழுத்து முந்தைய ஜூன், ஜூலையில் விழ வேண்டும். அந்தக் கையெழுத்துக்குத் தேவையான கழிவு அளவை அதற்கும் முந்தைய பருவத்தில்தான் எடுக்க முடியும்.

ஆக மொத்தம் மூன்று பருவம். முதல் பருவம் அளவெடுக்க, இரண்டாவது ஒப்பந்தத்துக்கு, மூன்றாவது ஓட்டுவதற்கு. ஒரே வருடத்தில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எந்தப் படியை விடப்போகிறார் என்று கேளுங்கள்.

அடித்தளக் குழி தோண்டுவதை அக்டோபர், நவம்பரில் வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் குழி குளமாகி, கான்கிரீட் தள்ளிப்போய், பின்னால் உள்ள எல்லாத் தேதியும் சரியும்.

3. தேவையை எண்ணில் எழுதுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பழ எடையில் தோல், கொட்டை, நார் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய பாதி வரை கழிவாகப் போகும். ரகத்துக்கும் இயந்திரத்துக்கும் ஏற்ப இது மாறும். பெங்களூராவுக்கு ஒரு கணக்கு, அல்போன்சாவுக்கு வேறு கணக்கு. ஆகவே புத்தகத்து எண்ணை எடுத்து எழுதாதீர்கள். பருவத்தின் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நாள், கழிவு டிராக்டரை எடைமேடை ஏற்றி நிறுங்கள்.

தோலையும் கொட்டையையும் தனித்தனியாக நிறுக்க வேண்டும். காரணம், கொட்டையின் ஓடு கலனுக்குள் செரிக்காது. உள்ளே போனால் பம்பின் சுழலியைக் கடித்துவிட்டு அடியில் படிந்து கிடக்கும். ஐரோப்பிய வடிவமைப்பாளர் மனதில் இருக்கும் உணவுக் கழிவில் இவ்வளவு பெரிய கொட்டை கிடையாது. நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. கொட்டையை வெயிலில் காயவைத்து பாய்லரில் எரிக்கும் வழி தனியாக இருக்கட்டும்.

கணக்குப் போடும் முறைக்கு ஒரு உதாரணம் தருகிறேன். நாளுக்கு 50 டன் பழம் அரைக்கும் ஆலையில் தோலும் நாரும் 10 டன் என்று வைத்துக்கொள்வோம். அதில் உலர்பொருள் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 2 டன். அதில் செரிக்கக்கூடிய கரிமப் பொருள் 1.8 டன். கிலோவுக்கு 0.3 கன மீட்டர் மீத்தேன் என்று அடக்கமாக எடுத்தால் 540 கன மீட்டர். கலனிலிருந்து வரும் உயிர்வாயுவில் (பயோகேஸ்) மீத்தேன் 55 சதவீதம் என்றால் நாளுக்குச் சுமார் 980 கன மீட்டர் வாயு. ஒரு கன மீட்டர் வாயுவின் வெப்பம் சுமார் 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். எனவே நாளுக்கு 440 கிலோ எரிவாயுவின் வெப்பம் கிடைக்கும். உங்கள் எண் உங்கள் எடைமேடையிலிருந்தும் ஆய்வகத்திலிருந்தும் வர வேண்டும், இதை அப்படியே எடுக்க வேண்டாம்.

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். விற்பவரின் லாபக் கணக்கு வருடத்துக்கு 330 நாள் ஓடும் ஆலைக்குப் போட்டது. நம் கழிவு 75 நாள்தான் வரும். போட்ட பணம் 4 வருடத்தில் திரும்பும் என்று அவர் தாளில் இருந்தால், நம் ஊரில் அது 17 வருடத்தைத் தாண்டும். நாளொன்றுக்கு எவ்வளவு வாயு என்பதைவிட வருடத்தில் எத்தனை நாள் வாயு என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

அப்படி எழுதியபோதுதான் எங்களுக்கு உண்மையான தேவை புரிந்தது. 75 நாளின் கழிவை ஒன்பது பத்து மாதத்துக்கு வைத்துக் கலனுக்கு ஊட்டுவது எப்படி என்பதே எங்கள் கேள்வி. பெரிய கலன் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. ஜெர்மனியின் பண்ணை எரிவாயுக் கூடங்கள் இதைத்தான் செய்கின்றன: ஒருமுறை அறுத்த மக்காச்சோளத்தைக் காற்றுப் புகாமல் அழுத்தி மூடி, ஊறுகாய் போலப் புளிக்க வைத்து, வருடம் முழுவதும் எடுத்து ஊட்டுகின்றன. அந்தக் கைப்பழக்கம் நம்மிடம் இல்லை. அங்கிருந்து நாங்கள் வாங்க வேண்டியிருந்ததும் அதைத்தான்.

4. கழிவை இங்கேயே சோதியுங்கள்

மீத்தேன் திறன் சோதனை ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும். பருவத்தின் முதல் வாரத்திலேயே மாதிரி எடுத்துவிடுங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பொறியியல் துறை இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். மாதிரியை ஐஸ் பெட்டியில் அன்றே கொண்டு சேருங்கள். பேருந்தில் ஒரு நாள் புளித்த தோல் வேறு எண் தரும்.

கேட்க வேண்டியவை: உலர்பொருள், ஆவியாகும் கரிமப் பொருள், அமிலத்தன்மை, கரி–நைட்ரஜன் விகிதம், மீத்தேன் திறன். மாந்தோல் புளிப்பும் சர்க்கரையும் கூடியது. அது வேகமாக அமிலமாகி, மீத்தேன் தரும் நுண்ணுயிரை முடக்கிவிடும். அதனால் சாணத்தோடு கலந்தும் ஒரு சோதனை வையுங்கள். சேகோ ஆலையில் மிஞ்சும் மரவள்ளித் திப்பியோ தக்காளிக் கழிவோ உங்களுக்குப் பக்கத்தில் கிடைக்குமென்றால் அதையும் சேருங்கள்.

வெளிநாட்டு நிறுவனம் மாதிரியைத் தங்களுக்கு அனுப்பச் சொல்லும். ஈரமான பழத்தோலுக்கு அங்கே தாவரச் சுகாதாரத் தடைகள் உண்டு, வழியிலேயே கெட்டும் போகும். இங்கே எடுத்த அறிக்கையை அனுப்பினால் போதும்.

5. வாங்குவதை மூன்றாகப் பிரியுங்கள்

வெளிநாட்டிலிருந்து வருவது ஒரே பொருள் என்று நினைத்தால் விலையும் ஒரே தொகையாக வரும். தாளை மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரியுங்கள்: இரும்பும் இயந்திரமும், உரிமை, கைப்பழக்கம்.

முதல் பத்தியில் உள்ள தொட்டி, குழாய், கலக்கி, மின்பலகை எல்லாம் ஓசூரிலும் கோவையிலும் நன்றாகவே செய்கிறார்கள். அங்கிருந்து கப்பலில் வர வேண்டியவை சில உணரிகளும் சிறப்புப் பம்புகளும் மட்டுமாக இருக்கலாம். இரண்டாவது பத்தி காப்புரிமையும் மென்பொருளும். மூன்றாவதில் ஊட்டும் அட்டவணை, தொடக்க முறை, கலன் கோளாறானால் மீட்கும் முறை, பயிற்சி.

பிரித்தபின் ஒவ்வொரு வரிக்கும் தனி விலை கேளுங்கள். பேரத்தில் நம்மவர்கள் முதலில் வெட்டுவது மூன்றாவது பத்தியைத்தான். நான் பார்த்த இரண்டு கூடங்கள் அதனாலேயே பூட்டிக் கிடக்கின்றன. வெட்டத்தான் வேண்டுமென்றால் முதல் பத்தியில் வெட்டுங்கள்.

6. காப்புரிமை இங்கே உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்

காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. ஜெர்மனியில் பெற்றது ஜெர்மனியில்தான் செல்லும். இந்தியாவில் பதியாத கண்டுபிடிப்பை இங்கே பயன்படுத்த யாருக்கும் உரிமைத்தொகை தர வேண்டியதில்லை. பதிந்திருந்தாலும் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 வருடம்தான் காலம். ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டால் அதற்கு முன்பே காலாவதியாகும்.

முதலில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாசெநெட் தளத்தில் தேடுங்கள், இலவசம். காலநிலைத் தொழில்நுட்பங்களுக்கு ஒய்02 (Y02) என்ற தனிக் குறி அங்கே உண்டு. கழிவிலிருந்து எரிபொருள் எடுப்பது ஒய்02இ 50/30 (Y02E 50/30) என்ற பிரிவில் வரும். பெயரைவிடக் குறியை வைத்துத் தேடுவது பலன் தரும், ஏனென்றால் நிறுவனங்கள் ஒரே பொருளுக்குப் பத்துப் பெயர் வைக்கின்றன. அங்கே கிடைத்த குடும்பப் பட்டியலில் (அதே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் போட்ட விண்ணப்பங்கள்) இந்தியா இருக்கிறதா என்று பாருங்கள்.

இருந்தால் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடுதளத்துக்கு வாருங்கள். விண்ணப்ப நிலை, கட்டணம் கட்டிய விவரம் இரண்டும் அதில் தெரியும். உலக விண்ணப்பம் (பிசிடி) போட்டவர்கள் இந்தியாவுக்குள் நுழைய முன்னுரிமைத் தேதியிலிருந்து, அதாவது முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து, 31 மாதம் அவகாசம் உண்டு. அதனால் புத்தம் புது கண்டுபிடிப்பு என்றால் இன்று பட்டியலில் இல்லை என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் பத்து வருட உரிமைத்தொகைக்குக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தக் காப்புரிமை இந்தியாவில் பதியப்படவே இல்லை என்று அறிந்தார். அரை நாள் தேடலில் தெரிந்திருக்கும். முடிவெடுக்கும் முன் ஒரு காப்புரிமை முகவரிடம் எழுத்தில் கருத்து வாங்கிவிடுங்கள்.

7. கொடுப்பவரைத் தேடுவது

ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பு 2013-இல் தொடங்கிய விப்போ கிரீன் தளத்தில் தொழில்நுட்பம் தருபவர்களும் தேடுபவர்களும் பதிந்திருக்கிறார்கள். நீங்கள் 3-ஆம் படியில் எழுதிய தேவையை அங்கே போடலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை.

மூன்று பேரையாவது தேர்ந்தெடுத்து ஒரே கேள்வித்தாளை அனுப்புங்கள். நான் எப்போதும் கேட்பவை இவை.

வெளியே 40 டிகிரி வெப்பத்தில் உங்கள் கட்டுப்பாட்டுப் பலகை எத்தனை சதவீத திறனில் ஓடும்? பட்டியலில் உள்ள எண் பெரும்பாலும் 25 டிகிரிக்கு.

மோட்டார் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸா? அமெரிக்காவிலும் ஜப்பானின் மேற்குப் பகுதியிலும் 60 ஹெர்ட்ஸ். அந்த மோட்டாரை இங்கே ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும்.

எங்கள் தண்ணீரின் கடினத்தன்மை இது. உங்கள் வெப்பப் பரிமாற்றியில் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை உப்புப் படிவு எடுக்க வேண்டும்? தருமபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரைக் கண்டிராத நிறுவனம் இந்தக் கேள்விக்குத் தடுமாறும்.

மின்வெட்டு நான்கு மணி நேரம் நீடித்தால் கலக்கி நின்றபின் என்ன நடக்கும்?

பழக் கழிவில், இதே அளவில், எங்கே இரண்டு வருடமாக ஓடுகிறது? அதை நடத்துபவரோடு நான் நேரடியாகப் பேசலாமா?

கடைசிக் கேள்விக்குப் பதில் வராத நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆய்வுக்கூடத்தில் நன்றாக ஓடியது நம் ஆலை முற்றத்தில் முதன்முதலாக ஓடும் என்றால், அந்தச் சோதனைக்கான செலவு உங்கள் தலையில் விழுகிறது.

ஜூன் மாதத்தில் அவர்களுடைய பொறியாளர் ஒருவரை இங்கே வரவழையுங்கள், பயணச் செலவை நீங்களே கொடுத்தாலும் பரவாயில்லை. எங்களிடம் வந்தவர் மலைபோல் குவிந்து ஈ மொய்க்கும் தோலையும், டிரம்மில் நிரம்பும் கூழையும், விறகடுப்பின் முன் நின்றவர்களையும் இரண்டு நாள் பார்த்தார். திரும்பிப் போய் அனுப்பிய வரைபடத்தில் கலன் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. புளிக்க வைக்கும் குழி புதிதாக வந்திருந்தது.

8. இலவசத் தொழில்நுட்ப உதவியைக் கேட்கும் முறை

ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் கீழ் 2010-இல் கான்கூன் மாநாட்டில் தொழில்நுட்பப் பொறியமைவு ஒன்று உருவானது. அதன் செயல் கிளையான காலநிலைத் தொழில்நுட்ப மையமும் வலையமைப்பும் கோபன்ஹேகனில் இருக்கிறது. வளரும் நாடுகள் கேட்டால் அது நிபுணர்களை அனுப்பி, சாத்தியக்கூறு ஆய்வு, தொழில்நுட்பத் தேர்வு, பயிற்சி முதலியவற்றைச் செய்து கொடுக்கும். ஒரு உதவியின் மதிப்பு 2,50,000 அமெரிக்க டாலர் வரை இருக்கலாம்.

இதைப் பற்றி மூன்று தவறான எண்ணங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

பணம் கைக்கு வரும் என்று நினைப்பது. வராது. வேலையை வலையமைப்பில் உள்ள நிறுவனம் செய்யும், பணம் அதற்குப் போகும். இயந்திரம் வாங்க இதை நம்பாதீர்கள்.

நேரடியாகக் கோபன்ஹேகனுக்கு மனுப் போடுவது. மனு நாட்டின் நியமன அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். இந்தியாவுக்கு அது புது தில்லியில் உள்ள ஒன்றியச் சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகம். அதன் கையெழுத்து இல்லாத மனு எடுத்துக்கொள்ளப்படாது.

தனி ஆலையின் பெயரில் கேட்பது. பொது நன்மை தெரிய வேண்டிய இடம் இது. சங்கமாகச் சேர்ந்து, எத்தனை ஆலைகளுக்கு, எத்தனை டன் கழிவுக்கு, எவ்வளவு விறகுக்கு மாற்று என்று காட்டினால்தான் மனுவுக்கு எடை வரும். திறந்த வெளியில் அழுகும் கழிவிலிருந்து எழும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கிறது. அந்தக் கணக்கை மனுவில் கட்டாயம் சேருங்கள்.

தில்லிக்கு எழுதும் முன் மாவட்டத்தில் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு ஆட்சியர்தான் தலைமை. மாநில அளவில் தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளர் வழியாக ஆட்சியரின் பரிந்துரைக் கடிதம் வாங்கி இணைத்தால், மேலே படிப்பவருக்கு இது உண்மையான தேவை என்று தெரியும். இதற்கெல்லாம் காலம் பிடிக்கும். அளவெடுத்த முதல் பருவம் முடிந்ததுமே மனுவைத் தொடங்கிவிடுங்கள். ஒப்பந்தப் பேச்சை இதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

9. ஒப்பந்தம்

வக்கீலிடம் போகும் முன் நீங்களே ஒரு பக்கத்தில் எழுத வேண்டியவை: எதைக் கொடுக்கிறார், எந்த நாளுக்குள், எந்த எண் எட்டினால் வேலை முடிந்தது. ‘நிறுவி இயக்கித் தருதல்’ என்று மட்டும் இருந்தால் போதாது. ‘எங்கள் மாந்தோலில், தொடர்ந்து 30 நாள், கிலோ கரிமப் பொருளுக்கு இத்தனை மீத்தேன்’ என்று இருக்க வேண்டும். கடைசித் தவணையை அந்த எண்ணோடு கட்டுங்கள்.

வெளிநாட்டு ஒப்பந்த மாதிரிகளில் சில வரிகள் கண்ணை உறுத்த வேண்டும். உதிரிப் பாகங்களை எங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும். நீங்கள் செய்யும் முன்னேற்றம் எல்லாம் எங்களுக்கே சொந்தம். காப்புரிமையின் செல்லுபடியை நீங்கள் கேள்வி கேட்கக் கூடாது. வேண்டாத காப்புரிமையையும் சேர்த்தே எடுக்க வேண்டும். காப்புரிமை உரிமத்தில் இத்தகைய கட்டுப்பாடுகள் செல்லாது என்று இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 140-ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் பணிவாக எடுத்துக் காட்டினால் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும், காப்புரிமை அலுவலகத்தில் பதியவும் வேண்டும்.

இன்னும் இரண்டு வரி சேருங்கள். கட்டுப்பாட்டு மென்பொருளின் கடவுச்சொல்லும் நகலும் ஆலையிடம் இருக்க வேண்டும், அந்த நிறுவனம் மூடினாலும் நம் கலன் ஓட வேண்டும். செயல்முறைக் கையேடு தமிழில் வேண்டும், மொழிபெயர்ப்பை அவர்களுடைய பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

10. வரியும் பணமும்

உரிமைத்தொகையும் தொழில்நுட்பக் கட்டணமும் வெளிநாட்டுக்குப் போகும்போது இங்கே வரி பிடிக்க வேண்டும். வரி ஒப்பந்தத்தின்படி ஜெர்மனி, நெதர்லாந்து, ஜப்பானுக்கு 10 சதவீதம். டென்மார்க்குக்கு 20. அந்தச் சலுகைக்கு அவர்கள் நாட்டின் வரி வதிவுச் சான்று வேண்டும். பணம் அனுப்பும் வாரத்தில் கேட்டால் கிடைக்காது, ஒப்பந்தத்தோடு இணைப்பாக வாங்கிவிடுங்கள்.

‘வரி போக முழுத்தொகை எங்களுக்கு வர வேண்டும்’ என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் வரியும் உங்கள் பையிலிருந்து போகும். மேலும் இந்தக் கட்டணங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்ட வேண்டும். பிறகு உள்ளீட்டு வரியாக எடுக்கலாம் என்றாலும், முதலில் கையிலிருந்து போகும் பணம் அது.

கடனுக்கு உங்கள் வங்கியோடு சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியையும் கேளுங்கள். ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் பசுமைக் காலநிலை நிதியத்தில் நபார்டும் சிட்பியும் அங்கீகாரம் பெற்ற அமைப்புகள். தனி ஆலை அந்த நிதியத்தை நேரடியாக அணுக முடியாது. கார்பன் வரவை (உமிழ்வைக் குறைத்ததற்கான சான்றை விற்று வரும் பணம்) முதலீட்டுக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. வந்தால் வரட்டும். விறகு மிச்சத்தில் மட்டும் திட்டம் நிற்கவில்லையென்றால் அளவைக் குறையுங்கள்.

11. அனுமதியும் சரக்கு வரவும்

மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவ இசைவு கட்டுமானத்துக்கு முன். இயக்க இசைவு ஓட்டுவதற்கு முன். பழைய இசைவிலேயே இது அடங்கும் என்று நினைத்து விடாதீர்கள்.

நீராவி தொடும் எந்தப் பொருளாக இருந்தாலும் ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிகள்) சான்று கேளுங்கள். ஐரோப்பிய முத்திரை இருக்கிறதே என்பார்கள். இங்கே பாய்லர் ஆய்வாளர் அதை ஏற்கமாட்டார், பொருள் ஆலைக்குள் வந்தபின் சான்று வாங்குவது பெரும்பாடு.

இறக்குமதியாளர் குறியீட்டு எண் இல்லாதவர்கள் அதை முதலில் எடுங்கள். மரப் பெட்டிகளில் வெப்பப் பதன முத்திரை இருக்க வேண்டும் என்று கொள்முதல் ஆணையில் எழுதுங்கள், இல்லையென்றால் துறைமுகத்தில் நிற்கும். நுண்ணுயிர்க் கலவையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முயல வேண்டாம். அதற்குத் தனி அனுமதி வேண்டும், அவசியமும் இல்லை. நம் மாட்டுச் சாணமும் ஏற்கெனவே ஓடும் கலன் ஒன்றின் கசடும் அந்த வேலையைச் செய்யும்.

நாற்பதடி கண்டெய்னர் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து உங்கள் ஆலைவரை திரும்பி வருமா என்று ஒருமுறை லாரி ஓட்டுநரோடு போய்ப் பாருங்கள்.

12. விதைப்பும் ஓட்டும் முதல் பருவமும்

மார்ச்சில் சாணக் கரைசலும் கசடும் ஊற்றியபின், தினமும் அமிலத்தன்மையையும் வாயு அளவையும் எழுதுங்கள். மாந்தோலை மிகச் சிறிதாகத் தொடங்கி, வாரத்துக்கு ஒரு படி கூட்டுங்கள். மே மாதம் தோல் குவிந்துவிட்டதே என்று அள்ளிப் போடக் கூடாது.

நாங்கள் அதைச் செய்தோம். முதல் லாரிப் பழம் வந்த வாரத்தில் ஊட்டலை இரட்டிப்பாக்கினோம். மூன்றாம் நாள் நுரை பொங்கிக் குழாய் அடைத்தது, வாயு பாதியாகக் குறைந்தது. பாய்லர் அட்டெண்டர், மாடு வளர்க்கும் பெரியவர், என்னிடம் சொன்னார்: “சார், இதுவும் மாடு மாதிரிதான். தீனியை ஒரே நாள்ல மாத்துனா வயிறு உப்பிக்கும். ரெண்டு நாள் பட்டினி போடுங்க, அப்புறம் கொஞ்சமாக் குடுங்க.” ஜெர்மன் கையேட்டின் மீட்பு அட்டவணையும் அதையே சொன்னது: ஊட்டலை நிறுத்து, அமிலத்தன்மை (pH) 7-ஐ நெருங்கும்வரை காத்திரு, கால் பங்கிலிருந்து தொடங்கு.

கூழ்க் குழாய்களைக் கழுவும் காஸ்டிக் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் கலனுக்குப் போகாதபடி தனி வாய்க்கால் வையுங்கள். இரவு ஷிஃப்டில் ஒரு வால்வு மாறித் திறந்தால் ஒரு மாத உழைப்பு போய்விடும். அந்த வால்வுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சூப்பர்வைசரிடம் கொடுங்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உயிர்வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் தெரிவது குறைந்த அளவில்தான். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதற்குப் பிறகு ஆள் விழுவார். கலனுக்குள்ளோ கசடுக் குழிக்குள்ளோ யாரும் இறங்கக் கூடாது. விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் வெறுங்கையோடு இறங்கவே கூடாது. வாயு அளவி, மூச்சுக் கருவி, மேலே கயிறு பிடிக்க இரண்டு பேர் ஆகியவை இல்லாமல் மூடி திறக்கப்படாது என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் கலன்மேல் எழுதி வையுங்கள். இந்தப் பயிற்சியை வெளிநாட்டு நிறுவனம்தான் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்ப்பது நல்லது. இந்த ஒழுங்கு அவர்களிடம் இறுக்கமாக இருக்கிறது.

13. புளிக்க வைக்கும் குழி

மாந்தோலில் தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. மக்காச்சோளம் போல் அப்படியே மூடினால் அடியில் சாறு வடிந்து ஓடும். நறுக்கிய மக்காச்சோளத் தட்டையோ கரும்புச் சோகையோ அடுக்கடுக்காகக் கலந்து, டிராக்டரால் மிதித்து, அன்றன்றே தார்ப்பாய் போட்டு மண்மூட்டை வைத்து மூடுங்கள். கேழ்வரகுத் தாளைக் கேட்காதீர்கள், அது ஊர் மாட்டுக்குத் தீவனம். வடியும் சாற்றைத் தொட்டியில் பிடித்துக் கலனுக்கே ஊட்டலாம்.

திறந்தபின் குழியின் முகப்பைத் தினமும் ஒரே சீராகச் சீவி எடுக்க வேண்டும். நடுவில் தோண்டினால் காற்றுப் புகுந்து பூஞ்சை பிடிக்கும்.

14. ஓட்டும் இரண்டாம் பருவத்துக்கு முன்

ஆகஸ்ட் முதல் ஏப்ரல் வரை வெளிநாட்டுப் பொறியாளர் இல்லாமல் நம் ஆட்களே கலனை ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்தால் ஒருவர் ஓசூரில் கூடுதல் சம்பளத்துக்குப் போய்விடுவார். நான்கு பேருக்குக் கொடுங்கள், அதில் ஒருவராவது ஊர்க்காரப் பெண்ணாக இருக்கட்டும் என்பது என் அனுபவம். எங்கள் பதிவேட்டை ஒரு நாள்கூட விடாமல் எழுதியது ஆய்வகப் பெண்கள்தான்.

பிப்ரவரியில் பம்பின் சீல், சுழலி, உணரி ஆகியவற்றின் இருப்பை எண்ணுங்கள். எதை ஓசூரில் கடைந்து வாங்கலாம், எது கப்பலில் வர வேண்டும் என்று பட்டியலைப் பிரித்து, கப்பலில் வர வேண்டியதை அந்த மாதமே ஆர்டர் போடுங்கள். அப்படிப் போட்டால்தான் மே மாதத்துக்குள் அது கைக்கு வரும்.